கஷீக்கில் பால் வெட்டுகிறவர்கள்

ஸ்டார் வார்ஸ் பார்க்காதவர்களுக்கும் சூபாக்காவைத் தெரிந்திருக்கும். ஏழடி உயரம், உடம்பெல்லாம் முடி, மார்பில் குறுக்காக ஒரு தோட்டாப் பட்டை, வாயைத் திறந்தால் உறுமல். ஹான் சோலோவின் கூட்டாளி. அவனுடைய கிரகத்தின் பெயர் கஷீக். கிரகம் என்றால் பெரும்பாலும் காடுதான். ரோஷிர் என்ற மரங்கள் கிலோமீட்டர் கணக்கில் உயர்ந்து நிற்கும். வூக்கிகள் எனப்படும் அவன் இனத்தார் அந்த மரங்களின் மேலே ஊர் கட்டி வாழ்கிறார்கள். கீழே போகப்போக வெளிச்சம் குறையும். அடிக்காட்டுக்கு இறங்குகிறவன் திரும்பி வருவான் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

திரையில் கஷீக் முதலில் வந்தது 1978 நவம்பரில், அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'ஹாலிடே ஸ்பெஷல்' நிகழ்ச்சியில். படு மோசமான நிகழ்ச்சி. லூகாஸே அதை மறக்கத்தான் விரும்பினார். அதில் கஷீக் என்பது சூபாக்காவின் மனைவியும் மகனும் அப்பாவும் இருக்கும் ஒரு மரவீடு, அவ்வளவுதான். பெரிய திரையில் அந்தக் காட்டைப் பார்க்க 2005 வரை, 'ரிவெஞ்ச் ஆப் த சித்' வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னணிக் காட்சிகளைத் தாய்லாந்திலும் சீனாவின் குய்லினிலும் போய் எடுத்தார்கள். பாடாங் பெசாரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கஷீக் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது படத்தில் வந்த கஷீக் இல்லை. விளையாட்டில் வந்த கஷீக். 2003இல் வந்த 'நைட்ஸ் ஆப் த ஓல்ட் ரிபப்ளிக்' என்ற கணினி விளையாட்டை, மலாக்காவில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பழைய மடிக்கணினியில் விளையாடினேன். படங்களின் காலத்துக்குச் சுமார் 4000 வருடம் முந்தைய கதை அது. கப்பல் கஷீக்கில் இறங்குகிறது. துறையை நடத்துவது செர்கா என்ற கம்பெனி. கம்பெனிக்காரர்கள் அந்தக் கிரகத்தை கஷீக் என்று சொல்வதில்லை. அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஈடியன். பிற்காலக் கதைகளில் பேரரசு வரும்போது அந்தப் பெயரும் போய் ஜி5-623 என்ற எண்தான் மிஞ்சும்.

செர்காவுக்கு அங்கே என்ன வியாபாரம் என்றால், வூக்கிகளைப் பிடித்து வெளிக்கிரகங்களுக்கு அடிமைகளாக விற்பது. அதற்கு ஒத்தாசை செய்பவன் வூக்கிகளின் தலைவனே, சூண்டார். அவனுடைய சகோதரன் சால்பார் இந்த விற்பனையைக் கண்டுபிடித்து, ஆத்திரத்தில் அவன்மேல் நகத்தால் பாய்ந்துவிடுகிறான். நகம் மரம் ஏறுவதற்கு மட்டும்தான், ஆயுதமாக்கக் கூடாது என்பது வூக்கிகளின் கட்டுப்பாடு. விற்றவன் தலைவனாக இருக்கிறான், கீறியவன் ஊரைவிட்டுப் போகிறான். இந்த இடத்தில் விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தது ஞாபகமிருக்கிறது.

அதைவிட முக்கியமான விஷயம் அடிக்காட்டில் இருக்கிறது. இருட்டுக்குள் ஒரு பழங்கால யந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதனுடன் பேசிப் பார்த்தால் கிரகத்தின் வரலாறு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவரும். பல்லாயிரம் வருடங்களுக்கு முன் ரகாட்டா என்ற பேரரசு இந்தக் கிரகத்தைப் பிடித்து, தன் விளைச்சலுக்கு ஏற்றபடி மண்ணையும் மரத்தையும் மாற்றியமைத்தது. பிறகு பேரரசு சரிந்தது. யந்திரத்தைப் பார்க்க ஆளில்லை. அது பழுதாகி, மரங்களை வளர்த்துக்கொண்டே போனது. இன்று நாம் பார்க்கிற கஷீக் காடு அதுதான்.

பராமரிப்புப் பொறியாளனாக இருக்கிற எனக்கு இது ரொம்பவே நம்பக்கூடிய கதை. எங்கே நிறுத்த வேண்டும் என்ற அளவு கைவிட்டுப்போன ஒரு கட்டுப்பாட்டுக் கருவி, மின்சாரம் மட்டும் வந்துகொண்டே இருந்தால், இதைத்தான் செய்யும். ஆனால் அன்றிரவு பொறியியல் நினைவுக்கு வரவில்லை. ஆதி வனம், கன்னிக் காடு என்று எல்லோரும் வியக்கிற கஷீக், அடிமண்ணில் பார்த்தால் ஒரு எஸ்டேட். முதலாளி ஓடிப்போன எஸ்டேட்.

நான் பிறந்தது அப்படி ஒன்றில்தான். முதலாளி மட்டும் ஓடவில்லை. சிரம்பானிலிருந்து பகாவ் போகும் பக்கம். தோட்டத்தின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் விட்டுவிடுகிறேன். அந்தத் தோட்டத்துக்கே மூன்று பெயர் இருந்தது: கம்பெனிக் காகிதத்தில் ஓர் ஆங்கிலப் பெயர், சாலைப் பலகையில் ஒரு மலாய்ப் பெயர், எங்கள் ஆட்கள் வாயில் ஒரு தமிழ்ப் பெயர். தமிழ்ப் பெயர் எந்த வரைபடத்திலும் கிடையாது. உள்ளே இருந்த காடுகளுக்கு எண்தான். மரம் நட்ட வருடத்தை வைத்துக் கூப்பிடுவார்கள். "தொண்ணூத்திரெண்டுல இன்னிக்கு வேலை" என்று அப்பா சொல்லிவிட்டுப் போவார். சின்ன வயதில் அப்பா காலத்தில் பின்னோக்கிப் போய் வேலை செய்துவிட்டு வருகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? நம் ஆட்கள் தோட்டத்தைத் தோட்டம் என்பார்கள். ஆனால் உள்ளே போய்விட்டால் காடு. கித்தா காடு, செம்பனைக் காடு, புதுக்காடு, பழைய காடு. அகிலனின் நாவலுக்கும் 'பால்மரக்காட்டினிலே' என்றுதான் பெயர். கயிறு பிடித்து நிரை நிரையாக நட்ட மரம், ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு, அதைப் போய்க் காடு என்கிறோம். வெள்ளைக்காரன் காட்டை அழித்துத் தோட்டம் போட்டான், நாம் வந்து அதை மறுபடி காடாக்கினோம், சொல்லில் மட்டும்.

அந்த மரமே வேற்றுக் கிரகத்து மரம். அமேசான் காட்டிலிருந்து 1876இல் ஹென்றி விக்கம் சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். கியூ தாவரவியல் தோட்டத்தில் முளைத்தவை 2,700க்கும் கொஞ்சம் கூடுதல். மறு வருடம் அதில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. பிறகு இருபது வருடம் அந்த மரத்தை இங்கே யாரும் சட்டை செய்யவில்லை. சுங்கை ஊஜோங் பக்கத்துத் துரைமார்கள் காப்பி போட்டுக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் இருந்த ரிட்லி, பார்க்கிறவர்களிடமெல்லாம் விதையைக் கொடுத்து நடச்சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது. 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் வியாபாரத்துக்காக நட்டார். அதற்குப் பிறகு மோட்டார் வண்டி வந்தது, டயர் வந்தது, காப்பி காணாமல் போனது, நாங்கள் வந்தோம். பிரேசிலில் அதே மரத்தைத் தோட்டமாகப் போட ஹென்றி ஃபோர்டு 1928இலிருந்து பாடுபட்டார், தோற்றார். அங்கே இலையைத் தின்னும் பூஞ்சை உண்டு. இங்கே இல்லை. சொந்த ஊரில் நிரையாக நிற்க முடியாத மரம் அந்நிய ஊரில் நின்றது.

இப்போது பாட்டி கதைக்கு வருகிறேன். 2019இல் 'ஜெடை: ஃபாலன் ஆர்டர்' என்ற புது விளையாட்டு வெளிவந்தது. டிசம்பரில் மாமா மகனிடமிருந்து பிளேஸ்டேஷனை வாங்கிவந்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தேன். செனவாங்கில் மலிவு விலை அடுக்குமாடி, நான்காவது மாடி. அதில் கஷீக் மறுபடி வருகிறது. இந்தமுறை பேரரசின் காலம். ரோஷிர் மரங்களிலிருந்து வடியும் சாற்றை எடுத்துச் சுத்திகரிக்க அங்கே ஒரு பெரிய ஆலை நடக்கிறது. வேலை செய்கிறவர்கள் அடிமைப்பட்ட வூக்கிகள்.

பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாடா தம்பி, அந்தக் கொரங்குங்க மரத்துகிட்ட என்னா பண்ணுது?"

"கொரங்கு இல்ல பாட்டி, வூக்கி. மரத்துல வர்ற பால எடுக்குறாங்க."

"பாலா?" என்று நிமிர்ந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "கோப்பை எங்க?"

"கோப்பை இல்ல. மெஷினு உறிஞ்சிக்கும்."

"எத்தினி நாளைக்கு ஒருக்கா?"

"எப்பவும்தான் பாட்டி."

"அப்ப மரம் செத்துரும்." சொல்லிவிட்டுத் திரையையே பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மழ பேஞ்சா அதுங்களுக்கு வேலை இருக்கா?"

இந்த விளையாட்டை எழுதியவர்கள் யாரும் அந்தக் கேள்வியை யோசித்திருக்க மாட்டார்கள். பாட்டி ஏறக்குறைய முப்பத்தைந்து வருடம் பால் வெட்டியவர். விடியுமுன் போக வேண்டும், ஏனென்றால் வெயில் ஏறினால் பாலின் ஓட்டம் நின்றுவிடும். பட்டையில் இடது மேலிருந்து வலது கீழாகச் சரிவாக ஒரு கோடு, முந்தின வெட்டின் மேல் மெல்லிய சீவல். ஆழம் போதாவிட்டால் பால் வராது, அதிகமானால் மரத்தில் காயம், மண்டோர் வந்து ஏசுவார். ஒரு வெட்டுக்கு ஐந்நூறு மரம்வரை இருக்கும். இன்று வெட்டிய மரத்துக்கு நாளை ஓய்வு. ஓய்வு மரத்துக்குத்தான், ஆளுக்கு அடுத்த காடு. இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. பால் கோட்டைவிட்டு வழிந்து மரத்தடியில் போய்விடும், கோப்பையில் மழைத்தண்ணீர்தான் நிற்கும். வேலை இல்லை என்றால் அன்று சம்பளமும் இல்லை. வடகிழக்கு மழைக்காலத்தில் தீபாவளி முடிந்த கையோடு கடன் தொடங்கிவிடும் என்பார் பாட்டி. பெய்கிற மழையின் சத்தத்திலேயே அவருக்குக் கடைக்கணக்கு கேட்கும்.

ஐந்து கேள்வியில் ஒரு ஆலையையே தணிக்கை செய்துவிட்டார். நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு வரும் தணிக்கையாளர்கள் இரண்டு நாள் எடுத்துக்கொள்வார்கள்.

அன்றைக்குப் பிறகுதான் எங்கள் தோட்டத்தின் வரலாற்றை எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. கஷீக்குக்கு ஆண்டுவாரியான வரலாறு இருக்கிறது. எந்த ஆண்டு எந்தப் போர், எந்தத் தலைவன், எந்தக் கம்பெனி எப்போது வந்து எப்போது போனது, எல்லாம். இல்லாத கிரகம், இருந்தாலும் ரசிகர்கள் சண்டை போட்டு, ஆதாரம் கேட்டு, தொகுத்து வைத்திருக்கிறார்கள். எண்ணூறு பேர் வாழ்ந்த எங்கள் தோட்டத்துக்கு ஒரு பக்கம்கூட இல்லை. எக்செலில் ஒரு கோப்பு திறந்தேன். வருடம், சம்பவம், சொன்னவர் யார், மூன்று பத்திகள். வருடப் பத்திதான் தகராறு. பாட்டியிடம் கேட்டால் வருடம் வராது.

ஸ்டார் வார்ஸ் ரசிகர்களின் நாட்காட்டியில் யாவின் போர்தான் பூஜ்ஜியம். யாவினுக்கு முன் இத்தனை வருடம், யாவினுக்குப் பின் இத்தனை வருடம். பாட்டியின் நாட்காட்டியில் பூஜ்ஜியம் சயாம். "அது சயாமுக்கு முன்ன." "அதெல்லாம் சயாமுக்கு அப்புறம்." ஜப்பான்காரன் 1942-43இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையில் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டபோது, நம் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக ஆட்களை ஏற்றிப்போனார்கள். பாட்டியின் அப்பா அதில் போனார். பாட்டி அப்போது வயிற்றில். அவர் திரும்பவில்லை. எங்கே செத்தார், எந்த மாதம், யாருக்கும் தெரியாது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைப் படித்தபோது, ஒவ்வொரு சாவிலும் இதுவாக இருக்குமோ என்று தேடிக்கொண்டே போனேன். நாவலை அப்படிப் படிக்கக் கூடாதுதான்.

பூஜ்ஜியத்துக்குப் பிறகு கோப்பில் வரிகள் கொஞ்சம் கூடுகின்றன. 1948இல் அவசரகாலம். லயத்தைச் சுற்றி முள்கம்பி, சோறு கட்டிக்கொண்டு காட்டுக்குப் போகக் கூடாது. கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். பாட்டி முதன்முதலாக உளியைத் தொட்டது மெர்டேக்கா வருடம் என்பதால் அது சுலபம், 1957. அறுபதுகளில் பக்கத்துத் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றார்கள். எண்பதுகளில் பால்மரம் சாய்ந்து செம்பனை வந்தது. ஆட்கள் குறைந்தார்கள், கோயில் திருவிழா மூன்று நாளிலிருந்து ஒரு நாளானது, லயம் காலியானது. நாங்கள் வெளியேறும்போது எனக்கு ஒன்பது வயது.

தோட்டத்து அலுவலகத்துக்கும் போய்ப் பார்த்தேன். பழைய பெரட்டுப் புத்தகம், ஆள் பதிவேடு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கம்பெனி கைமாறியபோது பழசெல்லாம் போய்விட்டது என்றார் கிராணி. நல்ல மனிதர், தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

கம்பெனிகள் கைமாறுவது கஷீக்குக்கும் நடந்தது, வெளியிலிருந்து. 2012இல் டிஸ்னி சுமார் 400 கோடி டாலருக்கு லூகாஸ்ஃபிலிமை வாங்கியது. 2014 ஏப்ரலில் ஓர் அறிவிப்பு வந்தது: அதுவரை நாவலிலும் காமிக்ஸிலும் விளையாட்டிலும் சேர்ந்திருந்த விரிந்த வரலாறு முழுவதும் இனி 'லெஜண்ட்ஸ்'. அதாவது நடந்ததாகக் கணக்கில்லை. அடிக்காட்டு யந்திரம் சொன்ன கதையும் சால்பாரின் நகமும் அதில் அடக்கம். பல வருட ரசிகர்கள் அழுதார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நம் ஆட்களுக்கு இது புதிதா? 1981 செப்டம்பர் 7ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் கத்ரி கம்பெனி மலேசியாவின் கைக்கு வந்தது. தேசத்துக்குப் பெருமையான நாள்தான். 2007இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் ஒன்றாயின. 2024இல் சைம் டார்பி பிளாண்டேஷன் தன் பெயரை எஸ்டி கத்ரி என்று மாற்றிக்கொண்டது. போன பெயர் சுற்றிக்கொண்டு திரும்பி வருகிறது. பெயர்ப்பலகை எழுதுகிறவருக்கு எப்போதும் வேலை இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதோ ஓர் அலமாரி காலியாகிறது.

இதுவரை எழுதியதைப் படித்த நண்பன் ஒருவன், "அப்ப நாமதான் வூக்கிங்க, செர்கா வெள்ளக்காரன், சூண்டார் கங்காணி. கத சரியா இருக்கு" என்றான். சரியாக இல்லை. எனக்கும் முதலில் அப்படி எழுதத்தான் கை வந்தது. அதில் இரண்டு சிக்கல்.

ஒன்று சின்னது. கங்காணி சூண்டார் இல்லை. ஊருக்குப் போய்ச் சொந்தபந்தத்தையே அழைத்துவந்தவர்தான், தன் ஆட்களில் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனைக்கும் தலைக்காசு வாங்கியவர்தான். ஆனால் கோயில் கட்டியதும், கல்யாணத்துக்கு முன்னால் நின்றதும், செத்தால் தூக்கியதும் அதே கங்காணிதான். 1938இல் இந்திய அரசு கூலிகளை அனுப்புவதை நிறுத்தியபோது அந்த முறை முடிந்தது. அடிமை என்ற சொல்லையும் நான் சுலபமாகப் போடமாட்டேன். கடன், துண்டுச்சீட்டு, மழைநாள், போக இடமில்லாமை. இத்தனையும் சேர்ந்தது அது, ஆனாலும் சந்தையில் விற்கவில்லை.

இரண்டாவது சிக்கல் பெரியது. வூக்கிகள் கஷீக்கின் ஆதிக்குடிகள். நாம் யார்? நெகிரி செம்பிலானில் காட்டுக்குச் சொந்தக்காரர்கள் தெமுவான்கள், பகாவ் பக்கம் செமலாய்கள். இந்த மாநிலத்தின் அடாட் வழக்கமே அதை ஒத்துக்கொள்கிறது. உண்டாங் பதவிக்கு வரும் பிடுவாண்டா குலம் தன் வேரை ஓராங் அஸ்லியோடு சேர்த்துத்தான் சொல்கிறது. துரை கோடு போட்டான், நம் ஆட்கள் வந்து அவர்கள் மரத்தை வெட்டிச் சாய்த்து, பிரேசில் மரத்தை நட்டார்கள். வேறு வழி இல்லாமல்தான். அப்படியும் கோடரி நம் கையில்தான் இருந்தது. எங்கள் தோட்டத்தின் எல்லைக்கு அப்பால் ஒரு தெமுவான் கிராமம் உண்டு. அவர்கள் சில நாள் பெத்தாய்க்காய் கொண்டுவந்து விற்பார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த உறவு அந்தப் பெத்தாய்க்காய் மட்டும்தான். பாட்டிக்கு அவர்களில் ஒருவர் பெயரும் தெரியாது. என் கோப்பில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

அப்படியானால் கஷீக்கின் வரலாற்றில் நமக்கு இடமே இல்லையா? இருக்கிறது. ஆனால் கஷீக்கில் இல்லை. செர்கா கப்பலேற்றி அனுப்பிய வூக்கிகள் போன இடத்தில். கெஸல் கிரகத்துச் சுரங்கத்தில் வூக்கிகள் வேலை செய்வது 2018இல் வந்த 'சோலோ' படத்தில் சில நிமிடம் வருகிறது. வெளியே ஓடிவருகிறார்கள், படம் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. கதைக்காரர்களுக்கு எப்போதும் காட்டை மீட்பதில்தான் ஆர்வம். மீளாதவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கெஸலிலேயே பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கும் பிள்ளை பிறந்து, மூன்றாவது தலைமுறை ஷிரிவூக் மொழியைக் கெஸல் உச்சரிப்பில் உறுமிக்கொண்டிருக்குமே, அது? மரத்தையே பார்க்காமல், சுரங்கத்தின் தூண் வரிசையைக் காடு என்று கூப்பிடும் ஒரு வூக்கிப் பையன்? கஷீக் விடுதலையானபோது 'இனி நீ உன் ஊருக்குப் போகலாம்' என்று அவனிடம் சொன்னால் அவன் எந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பான்? 

அந்தப் பையனுக்கு எந்த நாவலும் விளையாட்டும் இல்லை. லெஜண்ட்ஸ் பட்டியலிலும் அவன் இல்லை.

கோப்பில் இப்போது 43 வரிகள் இருக்கின்றன. அதில் 19 வரிகளுக்கு வருடம் உறுதி. மற்றவற்றில் 'சயாமுக்குப் பின்', 'பெரிய வெள்ளத்துக்கு முன்', 'உங்கப்பா பாலர் பள்ளி போனப்ப' என்று பாட்டி சொன்னபடியே போட்டிருக்கிறேன். முதலில் இவற்றையெல்லாம் ஆண்டாக மாற்ற முயன்றுகொண்டிருந்தேன், இப்போது அப்படியே விடுகிறேன். தெமுவான்களுக்கு ஒரு தனிப் பத்தி சேர்த்திருக்கிறேன். அதை நிரப்ப யாரிடம் போய் எப்படிக் கேட்பது என்பதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வரும் ஞாயிறு ஜெம்போலில் இருக்கும் பழைய மண்டோர் ஒருவரைப் பார்க்கப் போகிறேன். வயது எண்பத்தாறு, காது சுமார், ஞாபகம் நன்றாக இருக்கிறது என்றார்கள். கேள்விகளை அச்செடுத்து வைத்திருக்கிறேன். செம்பனையும் இருபத்தைந்து வருடத்தில் சாய்ந்து புதுக்கன்று வந்துவிடுவதால், எந்தக் காட்டில் எத்தனை முறை மறுநடவு என்பதுதான் முதல் கேள்வி. பாட்டியிடம் ஏதாவது கேட்டுவரவா என்றேன். அவர் பட்டியலைப் பார்க்கவே இல்லை.

"கோயிலுக்குப் பின்னால ஒரு பால்மரத்த வெட்டாம விட்டாங்க. சாமி மரம்னு சொல்லி துரைகிட்ட அவருதான் பேசுனாரு. அது இப்ப எவ்ளோ ஒசரம் இருக்குன்னு கேளு."